என்ஜின்களை அணைத்த பிறகு

கதிர்,

உன் கல்யாணச் சேதியைப் போனில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். விசாகப்பட்டினத்தில் பதிவுக் கல்யாணம், அடுத்த மாதம், பெண்ணின் பெயர் சுஜாதா, கப்பலில் உன்னோடு வேலை பார்த்தவரின் தங்கை. "நீங்க ரெண்டு பேரும் அவ்ளோ தூரம் அலைய வேணாம்மா, நாங்களே அப்புறமா வரோம்" என்றாய். உன் 'அப்புறமா' எனக்குத் தெரியாததா? மூன்று வருஷமாக நாங்கள் அதில்தான் குடியிருக்கிறோம். சந்தோஷமா என்று கேட்டாய். சந்தோஷம்தான். அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கி வழிந்தது, நல்ல சகுனம் என்று நானே சொல்லிக்கொண்டு துடைத்தேன். ஆனால் உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, போனில் சொன்னால் 'ம்' கொட்டிக்கொண்டே வேறு பேச்சுக்குப் போய்விடுவாய். கடிதத்தில் அப்படி நழுவ முடியாது. மடித்து வைத்தாலும் அது அங்கேயே கிடக்கும்.

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். உன் மனம் கல் இல்லை. கல்லாக இருந்திருந்தால் நீ தாராளமாக ஊருக்கு வந்து, மீன் குழம்பு சாப்பிட்டு, அப்பாவோடு உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துவிட்டுப் போயிருப்பாய். வர முடியாமல் கிடக்கிறாயே, அதிலேயே எனக்குத் தெரிகிறது. அதனால் திட்டுவதற்காக எழுதவில்லை. நடுவில் திட்டு வந்தால் பெற்றவள் என்று பொறுத்துக்கொள்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிற பிள்ளைக்கு அம்மா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தது இதுதான்: வீட்டுக்கு வருகிறவளுக்கு நீ போடும் சத்தம் இன்னது, நீ பேசாமல் இருப்பது இன்னது என்று முதலிலேயே சொல்லிவிடு. நான் கிள்ளையிலிருந்து கடலூர் முதுநகருக்கு வாக்கப்பட்டு வந்த புதிதில் உன் அப்பா எதைக் கேட்டாலும் கத்துவார். 'தண்ணி குடு' என்பது தெருக்கோடி வரை கேட்கும். என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே அழுவேன். படகு என்ஜின் பக்கத்திலேயே கிடந்து கிடந்து மனிதருக்குப் பாதிக் காது போய்விட்டது, அதனால்தான் கத்துகிறார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவரே ஒருநாள் என் கண் சிவந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "எனுக்குக் காது கொஞ்சம் டல்லு. கத்துனா கோவம்னு நெனைக்காத. கோவம்னா நான் பேசவே மாட்டேன்" என்று கத்தினார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில்தான் எங்கள் குடித்தனம் ஆரம்பித்தது. கோபம் வந்தால் பேசமாட்டேன் என்ற அந்தக் குணம்தான் உனக்கு அப்படியே வந்திருக்கிறது. காது மட்டும் உனக்கு நேர் எதிராக வாய்த்தது.

அந்தக் காதை உனக்குக் கொடுத்தவரும் அவர்தான். ஐந்தாம் வகுப்பு லீவில் உன்னைத் தன் என்ஜின் ரிப்பேர் ஷெட்டுக்குக் கூட்டிப்போய், ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற என்ஜின்மேல் வைத்து, பிடியை உன் காதெலும்பில் அழுத்தினார். "உள்ள இன்னா கேக்குது?" நீ கண்ணை மூடிக்கொண்டு, "டக்குனு ஒண்ணு இடிக்குதுப்பா" என்றாய். வால்வு அடிக்கிறது என்று அவர் ஏற்கெனவே கையை வைத்தே தெரிந்து வைத்திருந்தார். உன் வாயிலிருந்து வந்ததும் என்னமோ கலெக்டருக்குப் படித்துவிட்ட மாதிரி வீட்டுக்கு வந்து குதித்தார். நானும் என் பங்குக்குக் காதால் பிழைத்தவள். பிரசவ வார்டில் வயிற்றின்மேல் குழலை வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கிற வேலை. சுற்றி நிற்கும் மாமியார், நாத்தனார் எல்லாரையும் "கொஞ்சம் வாய மூடுங்கம்மா" என்று அதட்டுவது எனக்குச் சோறு தின்பது மாதிரி. வீட்டில் காதுக்கு வேலை இல்லாமல் வாய்க்கும் கைக்கும் மட்டும் வேலை வைத்திருந்தவன் உன் தம்பி அன்பு ஒருத்தன்தான். தட்டில் சோறு விழுவதற்குள் கரண்டியால் தட்டுவான். குளிக்கப் போனால் பக்கெட்டைத் தட்டுவான். பஸ்ஸில் கம்பியைத் தட்டுவான். 'சத்தம் போடாதடா, மண்டை வலிக்குது' என்று அவனிடம் சொன்னதைப்போல் நான் வேறு எவரிடமும் எதையும் சொன்னதில்லை.

நீ கடற்படையில் சேர்ந்து முதல் லீவில் வந்தபோது, சாப்பாட்டு நேரத்தில் அவன் உன்னை விடவே இல்லை. தண்ணீருக்குள் மைக்கை இறக்கிவிட்டு, ஹெட்போன் மாட்டி மணிக்கணக்காக உட்கார்ந்து கேட்பதுதான் உன் வேலை என்றாய். "அடில என்னடா கேக்கும், மீனு பேசுமா?" என்று அவன் கிண்டல் பண்ணினான். இறால் கூட்டம் இருந்தால் கடுகு தாளிக்கிற மாதிரி பொரியும், தூரத்தில் போகும் கப்பல் மூச்சு விடுகிற மாதிரி கேட்கும், படகுகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் என்று சொன்னாய். "நம்ம ஊரு படகு வந்தா அப்பா கை வச்ச என்ஜின் எதுன்னு சொல்லிடுவேன்" என்று நீ சொன்னது அவருக்குக் காதில் விழவில்லை. நான் திரும்ப உரக்கச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார், சிரிப்பை மறைக்க. அதன்பிறகு அன்பு டிப்ளமோ முடித்து, கடலடியைப் பார்த்துப் படமெடுக்கிற அந்தக் கம்பெனியில் சேர்ந்தான். இரண்டு பேர் உட்கார்ந்து அடியில் போகிற வாகனம். 'டப்பா' என்றுதான் அவன் சொல்வான். டப்பாவில் போய் வந்தேன், டப்பாவுக்கு கிரீஸ் போட்டேன். அப்பா டீக்கடையில் எல்லாரிடமும் சொல்வார்: "பெரியவன் மேல இருந்து கேக்குறான், சின்னவன் கீழ போய்ப் பாக்குறான். கடல்ல எங்களுக்குத் தெரியாம ஒண்ணும் நடக்காது." சொல்லக்கூடாத பேச்சு. நானும் கேட்டுச் சிரித்தேன்.

அன்பு இறங்கிப்போன டப்பா மேலே வரவில்லை என்று அன்றைக்கு மத்தியானம் தெரிந்தது. உள்ளே இரண்டு பேருக்கு மூன்று நாள் காற்று இருக்கிறது, பயப்படாதீர்கள் என்று கம்பெனி ஆள் சொன்னார். அதற்குள் குப்பத்தில் முறைப்படி ஆள்விட்டுச் சொல்லியாகிவிட்டது. நம் வழக்கம் உனக்குத் தெரியும். கடலில் ஒரு பிள்ளையைக் காணவில்லை என்றால் அன்றைக்கு எவனும் வலை எடுக்கமாட்டான். வீட்டுக்கு ஒரு படகு, தேடத்தான் போகவேண்டும், ஆள் கிடைக்கும்வரை கரை ஏறக்கூடாது. அந்தப் படகுகளில் அப்பா கை வைக்காத என்ஜின் ஒன்று கிடையாது. டீசலுக்கு எவனும் யாரையும் கேட்கவில்லை. நான் மணலில் நின்றுகொண்டு, "போங்க மாமா, ஒரு இடம் பாக்கி வெக்காம பாருங்க" என்று உன் அப்பாவைத் தள்ளிவிட்டேன். ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்று எனக்கு அன்றைக்கு அப்படி ஒரு தைரியம். முப்பது வருஷம் வார்டில் 'வாய மூடுங்க' என்று அதட்டியவளுக்கு, கடலும் ஒரு வயிறுதான், அங்கேயும் காது வைத்துத்தான் கேட்பார்கள் என்று தோன்றவே இல்லை.

கடலில் நடந்தது எனக்கு, அப்பாவோடு படகில் இருந்த கலியபெருமாள் சித்தப்பா சொல்லித்தான் தெரியும், கப்பலில் நடந்தது பிறகு விசாரணையில் வெளியே வந்தது. சாயங்காலமே உங்கள் கப்பல் வந்துவிட்டது. அதில் நீ இருக்கிறாய் என்று எங்களுக்குத் தெரியாது. தேடப்படுகிறவன் உன் தம்பி என்று உன் மேலதிகாரிக்கும் தெரியாது, சொன்னால் அந்த நாற்காலியிலிருந்து எழுப்பிவிடுவார்கள் என்று நீ சொல்லவில்லை. டப்பாவுக்குள்ளிருந்து தட்டினால் கேட்கவேண்டும், எல்லாப் படகும் என்ஜினை நிறுத்துங்கள் என்று கப்பலிலிருந்து மைக்கில் சொன்னார்கள். இவர்களுக்கும் அது புரிந்தது. புரிந்தும் நிறுத்தவில்லை. சுனாமி வந்த அன்றைக்கு முகத்துவாரத்துப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று அதிகாரிகள் தடுத்தார்கள். தடுத்த இடத்தில் படகை விட்டுத்தான் உன் அப்பா கலியபெருமாள் மகளை உயிரோடு தூக்கிக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் நிறுத்து என்று மைக்கில் சொன்னால் எவன் கேட்பான்? "சும்மா இருக்கறதாய்யா தேடுறது? எங்க புள்ள, நாங்க தேடுறோம்" என்று சித்தப்பாதான் பதிலுக்குக் கத்தினாராம். அப்பாவுக்கு மைக் சத்தமே கேட்கவில்லை. சித்தப்பா சொல்லித் தெரிந்துகொண்டு, "ஓட்டுடா" என்றாராம். மறுநாள் பகல் முழுக்க ஊர்ப் படகெல்லாம் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தன. நீ கீழே ஹெட்போனில் ஒவ்வொரு என்ஜினாக அடையாளம் கண்டுபிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

அன்றைக்குச் சாயங்காலம் மைக்கில் வேறு குரல் வந்ததாம். "அப்பா, நான் கதிர். கெஞ்சிக் கேக்குறேன், எல்லாத்தையும் அணைக்கச் சொல்லுங்கப்பா. இப்பவே. இப்பவே அணைங்க." சித்தப்பா அதை அப்பாவின் காதில் கத்திச் சொன்னதும், அவர் தலைத்துண்டை அவிழ்த்துத் தூக்கி, அணைக்கச் சொல்லி எல்லாப் படகுக்கும் வீசிக் காட்டினாராம். ஒவ்வொன்றாக எல்லா என்ஜினும் அணைந்தது. அப்படி ஒரு அமைதியைக் கடலில் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை என்றார் சித்தப்பா. இருமல் வந்தவர்கள்கூட வாயில் துணியை அடைத்துக்கொண்டார்களாம். கரையில் இருந்த எங்களுக்கும் போனில் தகவல் வந்தது. அலைக்குத் தள்ளி, கோயில் ஓரமாக நாங்கள் பெண்கள் எல்லாரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். ஒரு கைக்குழந்தை அழுதது, அதன் அம்மா பதறிப்போய் முலையைக் கொடுத்தாள். நாங்கள் பேசுவது அடியில் கேட்காது என்று தெரிந்தும் பேசாமல் இருந்தோம். இரவெல்லாம், மறுநாளெல்லாம். காற்று தீர்ந்திருக்கும் என்று தெரிந்த பிறகும் இரண்டு நாள்வரை அந்த என்ஜின்களை யாரும் கிளப்பவில்லை, துடுப்புப் போட்டுத்தான் கரைக்கு வந்தார்கள்.

டப்பா கிடைக்கவே இல்லை. கப்பல்கள் மாறி மாறி வந்தன, பிறகு வருவது நின்றது. விசாரணையில் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது, படகுகள் இருந்தபோதும் சரி, அணைத்த பிறகும் சரி, தட்டுகிற சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்தாய். எனக்குப் போனில் சொன்னாய், "ஒண்ணும் கேக்கலம்மா." அவ்வளவுதான். பிறகு கடற்படை வேலையை விட்டாய், துறைமுகத்தில் ஏதோ கணக்கு வேலை என்றாய், ஊருக்கு வருவதையும் விட்டாய். அப்பாவோடு பேசுவதை விட்டாய். நீ அவர்மேல் கோபமாக இருக்கிறாய் என்று ஊர் நினைக்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, விட்டுவிட்டேன். அன்புவுக்குக் காரியம் செய்யவேண்டும் என்று பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். உடல் கிடைக்காதவனுக்கு வைக்கோலில் உரு செய்து, அவன் சட்டையைப் போட்டுக் கரையில் வைத்துச் செய்வது நம் வழக்கம். உன் அப்பா சட்டையைத் தரமாட்டேன் என்று மார்போடு பிடித்துக்கொண்டார். இன்றைக்குவரை செய்யவில்லை.

தானே புயலில் ஷெட்டின் கூரை போயிற்று. அதற்கு முன்பே அவர் ஸ்பேனரைத் தொடுவதை நிறுத்தியிருந்தார். கடல் கண்ணில் படாமல் இருந்தால் தேவலை என்று சிதம்பரத்துக்கு வந்தோம், கீழவீதிப் பக்கம் ஒரு போர்ஷன். வந்த நேரம் பார், இந்த வருஷம் கரண்ட் எப்போது இருக்கிறது என்று சொல்வதே சுலபம். கரண்ட் போனால் மெடிக்கல், ஜெராக்ஸ் கடை, பேக்கரி என்று வரிசையாக ஜெனரேட்டர் போடுவார்கள். என் பேச்சு கேட்காத மனிதருக்கு அந்தச் சத்தம் மட்டும் எப்படித்தான் கேட்கிறதோ, கால் வழியாகத் தெரிகிறது என்கிறார். உடனே எழுந்து தெருவில் இறங்கிவிடுவார். ஒவ்வொரு கடையாகப் போய்க் கையெடுத்துக் கும்பிடுவார். "கொஞ்சம் அணைங்க தம்பி. புள்ள தட்டுறான். ஒரே ஒரு நிமிசம் அணைங்க." முதலில் அந்த ஜெராக்ஸ் கடைக்காரர் கோபப்பட்டார், அப்புறம் என்னிடம் விஷயம் கேட்டுத் தெரிந்துகொண்டார். இப்போது அப்பா வருவதைப் பார்த்ததும் அவரே நிறுத்திவிடுகிறார். வாடிக்கைக்காரர்கள் இருட்டில் நிற்பார்கள். அப்பா கடைப் படியில் உட்கார்ந்து, தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல. போடுங்க" என்று சொல்லி எழுந்து வருவார். நான் வாசலில் நின்று அழைத்துக்கொள்வேன். அப்போதெல்லாம் எனக்குச் செத்துவிடலாம் போலிருக்கிறது, கதிர். இதை உனக்குச் சொல்லக்கூடாது என்று இருந்தேன், சொல்லிவிட்டேன்.

படுக்கும்போது என்னிடம் அவர் கேட்பது ஒரே கேள்வி. "நான் ஓட்டிக்கினு இருந்தப்ப அவன் தட்டியிருப்பானா?" அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். அன்பு தட்டாமல் இருந்திருப்பானா, சோற்றுக்கே தட்டினவன்? இதை நான் அவரிடம் சொல்வதில்லை. "கதிர்தான் ஒண்ணும் கேக்கலன்னு எழுதிக் குடுத்துட்டானே" என்பேன். "எழுதிக் குடுத்தான். எங்கிட்ட சொல்லலியே" என்பார்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். பிரசவ வார்டில் எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. குழலை வைத்துப் பார்த்து, எங்கே வைத்தாலும் துடிப்பு கேட்கவில்லை என்றால், டாக்டர் வரும்வரை அந்தப் பெண்ணிடம், "குழந்தை தூங்குது, நீயும் கொஞ்சம் கண்ண மூடு" என்று சொல்வோம். குரல் இறங்கக்கூடாது, ஏறவும் கூடாது. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ, அந்தக் குரல் எனக்கு என் கைரேகை மாதிரி. விசாரணை முடிந்து நீ போனில் "ஒண்ணும் கேக்கலம்மா" என்றாயே, அது என் குரல்தான். நான் பெற்ற பிள்ளைக்கு அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாக வந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. துடிப்பே இல்லாத வயிற்றில் காது வைத்துக்கொண்டு நான் ஒருநாளும் கத்தியதில்லை. அப்போது குழலை எடுத்து மேஜைமேல் வைத்துவிடுவேன். 'வாய மூடுங்க, இப்பவே மூடுங்க' என்று நான் கத்துவது வேறு சமயத்தில். லேசாக ஒன்று கேட்டிருக்கும், இருக்கிறது என்று தெரிந்திருக்கும், அதற்குள் யாரோ வளையலை ஆட்டிவிடுவார்கள், நழுவிவிடும். அப்போதுதான் கத்துவேன். நீ ஹெட்போனைக் கழற்றிவிட்டு மேலே ஓடி வந்து மைக்கைப் பிடுங்கி, "இப்பவே அணைங்க" என்று அப்பாவைக் கெஞ்சினாய். ஒன்றும் கேட்காதவன் அப்படி ஓடி வரமாட்டான். சித்தப்பா இதைச் சொன்ன அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வருஷமாகத் தெரியும்.

உன்னால் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாதது கோபத்தால் இல்லை என்றும் தெரியும். முகத்தைப் பார்த்தால் வாயில் வந்துவிடும் என்று பயந்துதான் வேலையை விட்டாய், ஊரை விட்டாய், இப்போது பெற்றவர்கள் இல்லாமலே தாலி கட்டப் போகிறாய். நீ சுமக்கிறதை இறக்கி வைக்க எனக்கு வழி தெரியவில்லை. காலம் ஆற்றும் என்று வார்டில் ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன், பொய். சுஜாதாவிடம் மட்டும் ஒருநாள் சொல்லிவிடு. வீட்டில் அவள் கரண்டியைத் தட்டினால் நீ ஏன் எழுந்து வெளியே போகிறாய் என்று அவளுக்குத் தெரியவேண்டும். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அழக்கூடாது.

உன் கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிட வேண்டாம், நான் வருத்தப்படமாட்டேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் வா. அப்பா இந்த மழைக்காலத்தைத் தாண்டமாட்டார். உடம்பு பார்த்தே பழகினவள், எனக்குத் தெரியும். சட்டையை இன்னும் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறார். நீ வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குக் கேட்கிற மாதிரி நல்லா உரக்க, "நீங்க ஓட்டுனப்பவும் ஒண்ணும் கேக்கலப்பா, அணைச்சப்புறமும் ஒண்ணும் கேக்கலப்பா" என்று சொல். உன் வாயால் சொன்னால் நம்புவார். நம்பினால் சட்டையைக் கொடுப்பார். குரல் இறங்கக்கூடாது, ஏறவும் கூடாது. உனக்கு அது வரும்.

நான் அப்போது அடுப்படியில் இருப்பேன். அதைச் சொல்லும்போது மட்டும் என் பக்கம் திரும்பிப் பார்க்காதே.

அம்மா